திண்ணவேலிச் சந்தையை முப்பரிமாணத்தில் எடுக்கப் போன கதை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை, எங்கள் வாயில் திண்ணவேலி. ஒரு சனிக்கிழமை விடியக் கமராவோடு போனேன். முன்பு கோட்டை மதிலை எடுத்திருக்கிறேன். கல் நகராது, வேலை சுகம். அந்தத் துணிவில் சந்தைக்குப் போனதுதான் பிழை.

ஒரே பொருளைப் பல கோணங்களில் எடுத்தால், ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து மென்பொருள் ஆழத்தைக் கணக்கிடும். அதற்குப் பக்கத்துப் படங்கள் 70, 80 சதவீதம் ஒரே காட்சியைக் காட்ட வேண்டும். பொருளும் அசையக்கூடாது. சந்தையில் அசையாமல் நிற்பவை கூரைத் தூண்கள் மட்டுந்தான்.

வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு, அடிக்கொரு படமாக நடந்தேன். ஒன்றரை மணித்தியாலத்தில் 412 படங்கள். “தம்பி, பிரதேச சபையோ?” என்று மரக்கறி விற்கிற அம்மா கேட்டார். இல்லையென்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

இரவு முழுக்கக் கணினி ஓடியது. காலையில் பார்த்தால் சந்தை வெறிச்சோடிக் கிடக்கிறது! நடந்தவர்கள் எந்த இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் இல்லாததால் மென்பொருள் அவர்களைக் கழித்துவிட்டது. விலை பேசி நின்ற யாரோ ஒருவரின் சாரமும் இரண்டு கால்களும் மட்டும் அந்தரத்தில் நின்றன. எனக்குப் பிடித்தது அந்தக் கதலிக்குலை. நான் தொடங்கும்போது நிறைகுலை, முடிக்கும்போது அடியில் மூன்று சீப்பு. இரண்டையும் சேர்த்துக் குழப்பி, உருகிய மெழுகு மாதிரி ஏதோ ஒன்றைச் செய்து வைத்திருந்தது.

2023இல் வந்த கோசியன் ஸ்பிளாட்டிங் முறையிலும், அதாவது காட்சியை எண்ணற்ற மங்கலான நிறப் பொட்டுகளால் கட்டியெழுப்பும் முறையிலும், அதே படங்களைப் போட்டுப் பார்த்தேன். கத்தரிக்காயின் மினுக்கம் அப்படியே வந்தது. சனம் மட்டும் புகையாய் மிதந்தது. இப்போதெல்லாம் ஒரு கடையை ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறேன். ஆட்கள் விழுந்த பகுதியைப் படத்திலேயே மறைத்தும் விடுகிறேன். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை.

அந்த அம்மா சாக்கில் அசையாமல் இருந்தவர் என்பதால் கழுத்துக்குக் கீழே அச்சொட்டாக வந்திருந்தார். முகம்தான் அழித்த சிலேட்டு மாதிரி. வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தாரே! அடுத்த கிழமை போனில் காட்டினேன். விரலால் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“தராசு எங்க தம்பி?”

ஓயாமல் ஆடிய தட்டு இரண்டும் காணாமல் போயிருந்தன.

“தராசில்லாமல் நான் என்னெண்டு யாவாரம் செய்யிறது?”