எம்60 பில்லருக்கு ஹாமர் டெஸ்ட் போதுமா?

காட்பாடி_சைட்:
காட்பாடியில் ஏழு மாடிக் கட்டடம். கீழ்த்தளப் பில்லர் எல்லாம் எம்60, அதாவது 28 நாளில் 60 மெகாபாஸ்கல் பலம் வர வேண்டிய கான்கிரீட். அதே கலவையில் வார்த்த சோதனைக் கட்டி, அந்த 28 நாள் க்யூப் 66 வந்தது. இப்போது கன்சல்டன்ட் ரீபவுண்டு ஹாமர் (அடித்தால் எவ்வளவு துள்ளுகிறது என்று பார்த்துப் பலத்தைக் கணிக்கும் சுத்தியல்) அடித்துவிட்டு, நான்கு பில்லரில் 50தான் இருக்கிறது, ஜாக்கெட்டிங் போடு, சுற்றிலும் புதுக் கான்கிரீட் உறை கட்டு என்கிறார். க்யூப் பாஸான பிறகு இது என்ன நியாயம்?

மூன்றாம்_தளம்:
க்யூப் பாஸ் என்றால் வந்த கான்கிரீட் நல்லது, அவ்வளவுதான். க்யூப் தொட்டித் தண்ணீரில் சுகமாக முழுகிக் கிடந்தது, உங்கள் பில்லர் வேலூர் வெயிலில் நின்றது. சத்துவாச்சாரி பக்கம் தினமும் பார்க்கிறேன், காலையில் சாக்கைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினால் பத்து மணிக்கே அப்பளமாகக் காய்ந்துவிடுகிறது. கன்சல்டன்ட் சொல்வதைக் கேளுங்கள்.

லேப்_தம்பி:
அண்ணே, வெயில் வாதம் சரி. ஆனால் அது ஹாமரையும் சேர்த்துத்தான் அடிக்கிறது. ஹாமருக்குத் தெரிவது மேல்தோல் மட்டும், சுமார் 3 செ.மீ. தண்ணீர் விடாவிட்டால் முதலில் கெடுவதும் அந்தத் தோல்தான். அப்புறம், இந்தியத் தரநிலை ஐஎஸ் 13311 இரண்டாம் பாகமே ஹாமர் கணிப்பு 25 சதவீதம் முன்பின் இருக்கும் என்றது. 50 என்றால் 37ஆகவும் இருக்கலாம், 62ஆகவும் இருக்கலாம். அதே கலவையின் க்யூபையோ, பில்லரில் துளைத்தெடுத்த உருளைத் துண்டான கோரையோ வைத்து ஒப்பிட்டிருந்தால் நம்பலாம். ஹாமரோடு வந்த கிராஃபை மட்டும் பார்த்து ஜாக்கெட்டிங்கா?

மூன்றாம்_தளம்:
அப்போ அல்ட்ராசோனிக் ஒலி டெஸ்ட் போடட்டும். அது குறுக்கே ஊடுருவிப் போகுமே.

லேப்_தம்பி:
போகும். 600 மி.மீ. பில்லரில் எதிரெதிர் முகத்தில் கிரீஸ் தடவி புரோபை அழுத்தினால் 130 மைக்ரோ செகண்ட் காட்டுகிறது என்று வையுங்கள். வேகம் நொடிக்கு 4.6 கி.மீ., அட்டவணைப்படி முதல் தரம். உள்ளே ஹனிகோம் என்கிற பொந்துகள், விரிசல் இல்லை என்று அதை வைத்துச் சொல்லலாம். பலம் 60ஆ என்று சொல்ல முடியாது. கணக்குப்படி வேகம் பலத்தின் நாலாம் மூலத்தோடு போகிறது. 40லிருந்து 60க்கு ஏறினாலும் வேகம் பத்து சதவீதம்தான் கூடும். நெருக்கமான கம்பி ஒன்றே ரீடிங்கை ஏற்றிவிடும்.

காட்பாடி_சைட்:
கடைசியில் கோர் எடு என்பீர்கள். கம்பி அறுந்தால் யார் பொறுப்பு?

பாகாயம்_பெரியவர்:
கவர் மீட்டர் வைத்துக் கம்பியைச் சாக்பீஸில் குறித்துவிட்டு எடு தம்பி. 20 மி.மீ. ஜல்லிக்கு கோர் விட்டம் 60க்குக் குறையக் கூடாது. பில்லர் உச்சியில் எடுக்காதே, தண்ணீர் மேலேறி அங்கே பலம் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். ஐஎஸ் 456 கேட்பது குறைந்தது மூன்று கோர். க்யூப் பலமாக மாற்றிய பிறகு சராசரி 85 சதவீதம், அதாவது 51. எந்த ஒன்றும் 45க்குக் கீழே போகக் கூடாது.

மூன்றாம்_தளம்:
ஐயா, வீடு வாங்கியவன் முழு 60க்குத்தானே காசு கொடுத்தான்? 51 போதும் என்றால் பில்டருக்குக் கொண்டாட்டம்.

பாகாயம்_பெரியவர்:
டிசைனில் கான்கிரீட் பலத்தை 1.5ஆல் வகுப்பதே க்யூபுக்கும் பில்லருக்கும் உள்ள இந்த வித்தியாசத்தையும் சேர்த்துத்தான். சலுகை இல்லை அது. ஆனால் ஹாமர் எங்கே குறைவாகக் காட்டியதோ அங்கேதான் கோர். நல்ல பில்லராகப் பார்த்து எடுத்து ரிப்போர்ட் வாங்குவது இங்கே நடக்காததா என்ன!

காட்பாடி_சைட்:
சரி. நான்கில் ஒன்று லிஃப்ட் சுவரோடு ஒட்டியிருக்கிறது, மெஷின் நிற்காது. மற்ற மூன்றில் எடுக்கிறேன்.

மூன்றாம்_தளம்:
அதன் ஹாமர் ரீடிங் எவ்வளவு என்று முதலில் போடுங்கள். நான்கில் அதுதான் குறைவு என்றால் மெஷின் நிற்க வழி பாருங்கள்.