நான்கு நாளாக எதையும் உண்ணவில்லை, தாடி கறுத்திருக்கிறது: உடனே உதவி தேவை

தொட்டிநிலா (இழையைத் தொடங்கியவர்), செவ்வாய் இரவு 11.52

என் பியர்டட் டிராகன் (ஆஸ்திரேலிய ஓணான் வகை) நான்கு நாளாக எதையும் உண்ணவில்லை. சுவர்க்கோழியை முகத்தருகே விட்டாலும் ஒரு முறை பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. தாடி, அதாவது தொண்டைத் தோல், அடிக்கடி கறுத்துப்போகிறது. விளக்கு, வெப்பம் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

செதில்காரன், புதன் அதிகாலை 12.10

"எல்லாம் சரி" என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல இயலாது. அதன் வயது என்ன, எடை எவ்வளவு, வெயில் காயும் இடத்தில் எத்தனை டிகிரி, அதை எந்தக் கருவியால் எந்த இடத்தில் அளந்தீர்கள், யூவிபி (ஒரு வகைப் புற ஊதாக் கதிர்) விளக்கு குழலா சுருளா, வாங்கி எத்தனை மாதமாயிற்று, கடைசியாக எப்போது மலம் கழித்தது என்பவற்றைச் சொல்லுங்கள். தொட்டி முழுவதும் தெரியும்படி ஒரு படமும் வேண்டும்.

பனியுறக்கம், புதன் காலை 6.30

கவலைப்படாதீர்கள், இது குளிர்காலத் தூக்கத்தின் தொடக்கம். என்னுடையது ஒவ்வோர் ஆண்டும் இப்படித்தான் உணவை நிறுத்திவிட்டு, மரக்கட்டைக்குக் கீழே போய் இரண்டு மாதம் கிடந்து, பின்பு தானே எழுந்து வரும். தண்ணீர் மட்டும் வைத்துவிட்டுத் தொந்தரவு செய்யாமல் விடுங்கள்.

முதுஓணான், புதன் காலை 7.05

தம்பி, இதே கேள்வி இங்கே வாரந்தோறும் வருகிறது. பழைய இழைகளைப் படித்திருந்தால் இரவு பன்னிரண்டு மணிக்கு இப்படி அலற வேண்டியிருந்திருக்காது. இவற்றை நான் பத்தொன்பது ஆண்டுகளாக வளர்க்கிறேன். விலங்கு தானாகக் கெட்டதைவிட, விலங்கை வாங்கிய பிறகு படிக்கத் தொடங்கியவரால் கெட்டதையே மிகுதியாகப் பார்த்திருக்கிறேன். பனியுறக்கம் அவர்களுக்கும் ஒன்று: வயது கேட்காமல் குளிர்காலத் தூக்கம் என்று சொல்வது ஆபத்து. ஓராண்டு நிறையாத குட்டி உணவை நிறுத்தினால், அதை நோய் என்று எண்ணித்தான் பார்க்கத் தொடங்க வேண்டும்.

தொட்டிநிலா, புதன் காலை 9.40

எட்டு மாதம் ஆகிறது. சென்ற மாதம் 190 கிராம் இருந்தது. இன்று காலை சமையலறைத் தராசில் 171 காட்டியது. வெப்பமானி 38 டிகிரி காட்டுகிறது. யூவிபி குழல்விளக்கு ஐந்து மாதத்திற்கு முன் புதிதாக வாங்கியது. மலம் கழித்து ஆறு நாளாயிற்று. படம் இணைத்திருக்கிறேன். நான் தம்பி இல்லை.

ஓட்டுத்தரை, புதன் காலை 9.58

படத்தைத் திறந்தவுடனே கண்ணில் பட்டது மணல்தான். ஆறு நாள் மலம் இல்லை, உணவும் இல்லை என்றால் அது குடல் அடைப்பு. பூச்சியைக் கவ்வும்போதெல்லாம் நாக்கில் மணல் ஒட்டி உள்ளே போகும். இன்றே மணலை அள்ளிக் கொட்டிவிட்டுத் தரை ஓடு பதியுங்கள். அதைத் துடைப்பதும் எளிது, நகமும் அதில் தேயும்.

செம்மண், புதன் காலை 10.20

எதற்கெடுத்தாலும் மணலைக் குற்றம் சொல்வது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. இந்த ஓணான்களின் பிறப்பிடமான ஆஸ்திரேலிய உட்பகுதியில் அவை மணலிலும் இறுகிய செம்மண்ணிலும்தான் நடக்கின்றன. தரை ஓட்டின் மேல் அல்ல. உடல் போதிய சூடேறி, நீர்ச்சத்தும் இருந்தால், சிறிதளவு மணல் மலத்தோடு வெளியேறிவிடும்.

ஓட்டுத்தரை, புதன் காலை 10.31

காட்டில் அதற்கு நாள் முழுவதும் உண்மையான வெயில் கிடைக்கிறது, தொட்டியில் கிடைப்பதில்லை. செரிக்கும் என்று சொல்லி விற்கப்படும் கால்சியம் மணலையும் நீங்கள் ஆதரிப்பீர்களா?

செம்மண், புதன் காலை 10.44

கால்சியம் மணலை நான் எங்கேயும் ஆதரிக்கவில்லை. அது ஈரம் பட்டால் கட்டியாக இறுகுவது மட்டுமல்ல, சுவைக்காக விலங்கே அதை நக்கித் தின்னவும் செய்யும். நான் சொல்வது மண் கலந்த சாதாரண மணல். குட்டிக்கு ஓடு நல்லது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அடைப்பே வந்தாலும் அதற்குக் காரணம் பெரும்பாலும் மணலுக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

கீரைக்கட்டு, புதன் காலை 11.15

தட்டில் இருப்பது ஸ்பினாச் கீரையைப் போலத் தெரிகிறது. அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் அன்றாடம் கொடுக்கத் தகாதது. கடுகுக்கீரையோ டேன்டிலியன் இலையோ கொடுக்கலாம். பூச்சிகளின் மேல் கால்சியம் பொடி தூவுகிறீர்களா?

செதில்காரன், புதன் பிற்பகல் 1.25

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணலையும் கீரையையும் சற்று ஒதுக்கிவிட்டு மூடியைப் பாருங்கள். சூட்டு விளக்கு வலைப் பகுதியின் மேல் இருக்கிறது, அது சரி. ஆனால் யூவிபி குழலுக்கு நேர் கீழே அந்தக் குழலின் பிரதிபலிப்பு ஒரு வெள்ளைக் கோடாக மின்னுகிறது. வலையில் அப்படி மின்னாது. அந்தப் பாதி மூடி கண்ணாடியா?

இன்னொன்று. அதைக் கையில் எடுத்து, உள்ளங்கையில் வயிறு படும்படி வைத்து, அரை நிமிடம் அசையாமல் விரல்களை மட்டும் கவனியுங்கள். விரல் நுனிகள் தாமாகத் துடிக்கின்றனவா?

தொட்டிநிலா, புதன் மாலை 6.50

ஆம், கண்ணாடிதான். தொட்டியோடு வந்த மூடி அது. வெளிச்சம் நன்றாகவே உள்ளே வருவதால் அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. பின்னங்கால் விரல்கள் லேசாகத் துடிக்கின்றன. பயத்தால் என்று நினைத்திருந்தேன். கால்சியம் பொடி வாரம் ஒரு முறை தூவுகிறேன்.

செதில்காரன், புதன் மாலை 7.20

கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் கண்ணாடி வழியே வந்துவிடும், யூவிபி வராது. சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ முழுவதையும் தடுத்துவிடுகிறது. ஆகவே ஐந்து மாதமாக உங்கள் குட்டி யூவிபி விளக்கே இல்லாமல் வளர்ந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். தோலில் யூவிபி படாவிட்டால் போதிய வைட்டமின் டி3 உண்டாகாது. டி3 இல்லாமல் குடல் கால்சியத்தை உறிஞ்சாது. அப்போது இரத்தத்தின் தேவைக்காக உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். அதுவும் போதாமல் போகும் கட்டத்தில்தான் தசைகள் இப்படித் துடிக்கும். குடலும் தசைதான் என்பதால் அதன் அசைவும் மந்தமாகிவிடும். மலம் வராததற்கும் பசி இல்லாததற்கும் தனித்தனிக் காரணம் தேட வேண்டியிருக்காது என்பது என் ஊகம்.

கால்சியம் குறைந்து எலும்பு வலுவிழக்கும் வளர்சிதை எலும்பு நோயின் தொடக்கமாக இருக்கலாம். ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் நாளையே கொண்டுபோங்கள். திரவக் கால்சியத்தை எடைக்கேற்ப அவர்தான் அளந்து கொடுக்க வேண்டும். வீட்டில் நீங்களாக ஊட்டாதீர்கள். வாயைப் பிரித்து உணவு திணிக்கவும் வேண்டாம். தூக்கும்போது காலையோ வாலையோ பிடிக்காமல் உடல் முழுவதையும் தாங்கித் தூக்குங்கள், எலும்பு எளிதில் முறியக்கூடும்.

அந்த 38 டிகிரியை எங்கே அளந்தீர்கள் என்பதை இன்னும் சொல்லவில்லை.

தொட்டிநிலா, புதன் இரவு 8.05

பின்புறக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வட்ட வெப்பமானி, விளக்குக்கு அருகில்.

முதுஓணான், புதன் இரவு 8.30

நினைத்தேன். விலங்கு வெப்பமானியின் மேல் ஏறிப் படுப்பதில்லை, அம்மா. கல்லின் மேல்தான் படுக்கிறது. முனையில் கம்பியுள்ள டிஜிட்டல் வெப்பமானியைக் கல்லின் மேல், அதன் முதுகு வரும் இடத்தில் வைத்து, விளக்கு எரியத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அங்கே 40 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் 25 முதல் 28 வரை இருந்தால்தான் சூடு போதுமென்று தோன்றும்போது அது ஒதுங்க இடமிருக்கும்.

தொட்டிநிலா, புதன் இரவு 10.15

கல்லின் மேல் 32 மட்டுமே காட்டுகிறது.

முதுஓணான், புதன் இரவு 10.22

கல்லுக்குக் கீழே உறுதியாக ஏதாவது வைத்து உயர்த்துங்கள், அல்லது விளக்கை மாற்றுங்கள். சிறிது சிறிதாக உயர்த்தி ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். எட்டி விளக்கைத் தொட்டுவிடும் அளவுக்கு உயர்த்தி முதுகைச் சுட்டுக்கொண்ட விலங்குகளையும் பார்த்திருக்கிறேன்.

செதில்காரன், புதன் இரவு 10.40

குழல்விளக்கைக் கண்ணாடியிலிருந்து எடுத்து, சூட்டு விளக்கை ஒட்டியபடி வலையின் மேல் வையுங்கள், அல்லது தொட்டிக்கு உள்ளேயே பொருத்துங்கள். நெருக்கமான வலையும் யூவிபியில் கணிசமான பங்கைத் தடுக்கும் என்பதால், வலைக்கு மேல் வைப்பதா உள்ளே வைப்பதா என்பதைப் பொறுத்து முதுகுக்கும் குழலுக்கும் இடையேயான தூரம் மாறும். விளக்குப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரக் குறிப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள், சேர்ந்து கணக்கிடலாம்.

பனியுறக்கம், வியாழன் காலை 6.15

எட்டு மாதம் என்று முதலிலேயே எழுதியிருந்தால் நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

கீரைக்கட்டு, வியாழன் காலை 8.00

வளரும் குட்டிக்கு வாரம் ஒரு முறை பொடி என்பது மிகக் குறைவு. பெரும்பாலான நாள்களில் பூச்சியின் மேல் தூவ வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பூச்சி, குட்டியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கலாகாது.

தொட்டிநிலா, ஞாயிறு இரவு 9.10

மருத்துவரிடம் காட்டினேன். எக்ஸ்ரேயில் எலும்புகள் மங்கலாகத் தெரிகின்றன, அடைப்பு எதுவும் இல்லை என்றார். கால்சியம் மருந்து கொடுத்திருக்கிறார். நேற்று மலம் கழித்தது. இன்று ஒரு சுவர்க்கோழியைத் தின்றது, இரண்டாவதை விட்டுவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

செதில்காரன், ஞாயிறு இரவு 9.25

மிக்க மகிழ்ச்சி. விரல் துடிப்பு நின்றதா? குழலை எங்கே பொருத்தினீர்கள், முதுகிலிருந்து எவ்வளவு தூரம்?

ஓட்டுத்தரை, ஞாயிறு இரவு 9.50

மணலை எடுத்துவிட்டீர்களா?

செம்மண், ஞாயிறு இரவு 9.53

அடைப்பு எதுவும் இல்லை என்று மேலே எழுதியிருப்பதைப் படித்தீர்களா?

செதில்காரன், அடுத்த சனி காலை 7.40

தொட்டிநிலா, குழலின் தூரத்தை இன்னும் சொல்லவில்லை.