பொருள்: மோட்டார் முடங்கும்போது பாயும் மின்னோட்டத்திற்கு ஒரு பெயர்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மைக்ரோகன்ட்ரோலர் கொண்டு மோட்டாரை இயக்கும் வகுப்பறைச் செயல்திட்டங்களுக்கு நாம் எழுதிவரும் உதிரிப்பாகக் கையேட்டில், ‘ஸ்டால் கரண்ட்’ என்பதற்குத் ‘தடை மின்னோட்டம்’, ‘தேக்க மின்னோட்டம்’, ‘நிலை மின்னோட்டம்’ ஆகிய மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. மின்தடையும் மின்தேக்கியும் பயின்ற மாணவர் முதல் இரண்டையும் அவற்றோடு இணைத்தே புரிந்துகொள்வார். மூன்றாவது, மாறாத அளவில் பாயும் மின்னோட்டம் என்று பொருள்பட்டுவிடும்.

‘முடங்கு மின்னோட்டம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். முடங்குவது மோட்டார்தானே, மின்னோட்டம் அன்றே என்று கேட்கலாம். ‘உருகுநிலை’ என்கிறோம், உருகுவது பொருள், நிலை அன்று. அதே அமைப்புதான் இதுவும். ‘முடக்கு மின்னோட்டம்’ என்று பிறவினையாக்கினால் மட்டும், மின்னோட்டமே மோட்டாரை முடக்குகிறது என்ற தவறான பொருள் வந்துவிடும்.

இச்சொல்லுக்காக இவ்வளவு மன்றாடுவதற்குக் காரணம், பாகங்களைத் தேர்ந்தெடுக்கையில் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுவே என்பதுதான். பெங்களூரு அல்சூரில் நடக்கும் எங்கள் வார இறுதி வகுப்பில் ஒரு மாணவி மஞ்சள் நிறக் கியர் மோட்டாரின் சக்கரத்தை விரல்களால் இறுக்கிப் பிடித்தபோது, 10 ஆம்பியர் துளையில் செருகியிருந்த மல்டிமீட்டரில் 0.16 என்றிருந்த அளவு 0.9-ஐத் தாண்டியது. சுழலும்போது சுருளில் தோன்றி, செலுத்தும் வோல்ட்டை எதிர்க்கும் எதிர் மின்னியக்கு விசை (பேக் இ.எம்.எஃப்.) மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. சுழற்சி நின்றதும் அது இல்லாமற்போக, சுருளின் மின்தடை மட்டுமே எஞ்சுகிறது. மோட்டார் புறப்படும் கணத்திலும் இதுவே நிலை.

ஆர்டுவினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையின் ஒரு முனைக்கு 40 மில்லி ஆம்பியரே உச்சவரம்பு என்பதால், அதன் கட்டளைப்படி மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தரும் டிரைவர் சில்லு இடையில் கட்டாயம் வேண்டும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டின் மின்னணுப் பாகக் கடைகளில் கேட்டால் எல்293டி, எல்298என் இரண்டையும் எடுத்துத் தருவார்கள். முன்னதில் மோட்டாரை இணைக்கும் ஒவ்வொரு தடமும் தொடர்ச்சியாக 600 மில்லி ஆம்பியரையே தாங்கும். சக்கரம் சுவரில் முட்டி நின்றால் சில்லு கொதிக்கும். பின்னது 2 ஆம்பியர் வரை தாங்கினாலும், 1 ஆம்பியர் பாயும்போதே ஏறத்தாழ 2 வோல்ட்டையோ அதற்கு மேலுமோ தானே விழுங்கிவிடுவதால், நான்கு பென்டார்ச் செல்களின் 6 வோல்ட்டில் மோட்டாருக்கு 4 வோல்ட் கிடைப்பதே அரிது. மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர் வகையால் ஆன டிபி6612எஃப்என்ஜி சில்லு தொடர்ச்சியாக 1.2 ஆம்பியரும் கணநேரத்திற்கு 3.2 ஆம்பியரும் தாங்கும். வோல்ட் இழப்பும் குறைவு. சிறிய வண்டிகளுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

டிரைவருக்கு ‘இயக்கி’ என்று வந்த பரிந்துரையை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம். கணினியில் மென்பொருளுக்கு அது ஏற்கெனவே நிலைத்துவிட்டது. கையேட்டின் மோட்டார் அட்டவணையில் ‘இயல்பு மின்னோட்டம்’, ‘முடங்கு மின்னோட்டம்’ என்ற இரு தலைப்புகளை அடுத்தடுத்து வைத்து, பின்னதற்குக் குறையாத அளவைத் தாங்கும் சில்லையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கீழே எழுதலாம். மறுப்பு இருப்பின், அட்டவணை அச்சுக்குப் போகுமுன் மாற்றுச் சொல்லோடு தெரிவிக்க வேண்டுகிறேன்.