மைல்ஸ் கொண்டு பிசினஸ் கிளாஸ்: வேலூர் பக்கத்திலிருந்து பறப்பவர்களின் அனுபவப் பகிர்வு

சத்துவாச்சாரி:

கார்டு பாயிண்ட் சேர்ப்பது எப்படி என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். சேர்த்த பிறகு, சென்னையிலிருந்து சிகாகோவுக்கோ மிலானுக்கோ படுத்துக்கொண்டு போகிற டிக்கெட்டாக அதை மாற்றும்போதுதான் பலருக்குக் கை நழுவுகிறது. அதை மட்டும் எழுதுகிறேன். மற்றவர்களும் சேருங்கள்.

மைல்ஸுக்கு, அதாவது விமான நிறுவனத்தின் பாயிண்டுக்கு, தருகிற சீட் இருக்கிறதா என்று பார்க்காமல் வங்கியிலிருந்து ஒரு பாயிண்ட்கூட நகர்த்தாதீர்கள். வங்கியிலிருந்து விமான நிறுவனத்தின் திட்டத்துக்குப் போன பாயிண்ட் திரும்பி வராது. விமானத் திட்டத்தில் கணக்கு தொடங்கக் காசு கிடையாது. முதலில் கணக்கைத் தொடங்குங்கள், உள்ளே நுழைந்து தேதி போட்டுத் தேடுங்கள், சீட் தெரிந்தால் வேறொரு தளத்திலும் அதே விமானம் வருகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் வந்தால் பாயிண்டை மாற்றலாம்.

இரண்டாவது தளம் எதற்கு? ஒரு திட்டத்தின் மைல்ஸை வைத்து வேறு நிறுவனத்தின் விமானத்திலும் சீட் எடுக்கலாம், அந்தக் கூட்டாளி நிறுவனத்தின் சீட் நிலவரம் சில சமயம் பழையதாகவே திரையில் நின்றுவிடும். சீட் போயிருக்கும், திரை மட்டும் இருப்பதாகக் காட்டும். பணம் கட்டுகிற பக்கத்தில்தான் பிழை வரும். அதற்குள் 85,000 பாயிண்ட் மாறிப் போயிருந்தால் எடுக்க முடியாது. லுஃப்தான்சா, ஏர் இந்தியா உள்ள ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் சீட்டுகளை யுனைடெட் தளத்திலும் ஏர் கனடாவின் ஏரோபிளான் திட்டத்திலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் இரண்டும் ஏவியோஸ் என்ற ஒரே பாயிண்டை நாணயமாக வைத்திருப்பதால் ஒன்றில் கண்டதை மற்றதில் சரிபார்க்கலாம், இரண்டு கணக்குகளையும் இணைத்து ஏவியோஸை இங்கும் அங்கும் மாற்றவும் செய்யலாம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நெடுந்தூர பிசினஸ் சீட் பெரும்பாலும் அதன் சொந்தத் திட்டமான கிரிஸ்ஃபிளையர் உறுப்பினர்களுக்குத்தான் திறக்கும். வெளியே தேடி நேரம் போக்க வேண்டாம்.

தேடும்போது சென்னை–சிகாகோ என்று முழுதாக மட்டும் போடாதீர்கள். சென்னை–பிராங்க்ஃபர்ட், பிராங்க்ஃபர்ட்–சிகாகோ என்று தனித்தனியாகவும் போட்டுப் பாருங்கள். எந்தத் துண்டில் சீட் இல்லை என்று தெரிந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் வேறு வழி தேடினால் போதும்.

இன்னொரு கண்ணி கலப்பு வகுப்பு. மேலே பெரிதாக பிசினஸ் என்று எழுதியிருக்கும். விரித்துப் பார்த்தால் சென்னை–டில்லி இரண்டே முக்கால் மணி நேரம் பிசினஸ், டில்லியிலிருந்து அமெரிக்கா வரை எகானமி. ஒவ்வொரு துண்டின் எதிரிலும் என்ன வகுப்பு என்று படித்துவிட்டுத்தான் அடுத்த பட்டன்.

ஆம்பூர் லெதர்:

சார் சொன்ன விதிக்கு ஒரு விலக்கு உண்டு. சில வங்கிகள் ஒரு காலண்டர் ஆண்டுக்கு இவ்வளவுதான் மாற்றலாம் என்று உச்சவரம்பு வைத்திருக்கின்றன. இரண்டு பேர் டிக்கெட்டுக்கு 1,70,000 வேண்டும், வரம்பு அதற்குக் கீழே என்றால், டிசம்பரில் ஒரு பகுதி, ஜனவரியில் ஒரு பகுதி என்று முன்கூட்டியே மாற்றி வைக்காமல் முடியாது. அப்படிச் செய்கிறவர்கள் மைல்ஸின் ஆயுளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கிரிஸ்ஃபிளையர் மைல்ஸ் 36 மாதத்தில் காலாவதி. நடுவில் திட்டம் ஒரு டிக்கெட்டுக்குக் கேட்கிற மைல்ஸைக் கூட்டிவிட்டால் அந்த நஷ்டமும் நம்முடையதுதான்.

இப்போது தேதி. நம் தோல் தொழிலில் மிலான் லீனியாபெல்லே கண்காட்சி பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் வருகிறது. ஹாங்காங் கண்காட்சி மார்ச்சில். நாள் முன்னாலேயே தெரிகிறது என்பதுதான் நமக்கு இருக்கிற பெரிய வசதி. பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் 355 நாள் முன்னால் சீட் திறக்கின்றன, யுனைடெட் 337 நாள். ஹீத்ரோ நெடுந்தூர விமானம் ஒவ்வொன்றிலும் குறைந்தது 4 பிசினஸ் சீட்டை மைல்ஸுக்கு வைப்பதாக பிரிட்டிஷ் ஏர்வேஸ் உறுதி சொல்லியிருக்கிறது. அது திறக்கிற நேரம் நம் ஊரில் விடிகாலை 5:30 வாக்கில். சென்னை விமானத்தில் விடுமுறைக் காலத்து நாள் என்றால் அந்த நான்கும் அன்றைக்கே போய்விடும்.

355 நாள் கணக்கில் ஒரு சிக்கல். போகிற நாள் திறக்கும்போது திரும்புகிற நாள் திறந்திருக்காது. காத்திருந்து இரண்டையும் சேர்த்து எடுக்கலாம் என்றால் போகிற சீட் போய்விடும். ஆகவே போவதை ஒரு வழி டிக்கெட்டாக எடுத்துவிட்டு, திரும்புவதை அது திறக்கும் நாளில் தனியாக எடுங்கள். இப்போது பெரும்பாலான திட்டங்களில் ஒரு வழிக்கு இரு வழியில் பாதி மைல்ஸ்தான்.

முன்னாலேயே எடுக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வாசல் கடைசி இரண்டு வாரம். விற்காத சீட்டை அப்போது திறந்துவிடுவார்கள். தனி ஆள் போவதென்றால் நம்பலாம். அப்பா, அம்மா, குழந்தைகள் என்று நான்கு பேர் என்றால் நம்ப வேண்டாம்.

எந்த விமான நிலையம்? வேலூரிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 135 கிலோமீட்டர், ஸ்ரீபெரும்புதூர் நெரிசலையும் சேர்த்து மூன்று மணி நேரம் வையுங்கள். பெங்களூரு விமான நிலையம் தேவனஹள்ளியில், ஊரைத் தாண்டி. கோலார், ஹொஸ்கோட்டே வழியாகப் போனால் நகரத்துக்குள் நுழைய வேண்டியதில்லை, ஆனாலும் நாலரை ஐந்து மணி நேரம். இருந்தும் பெங்களூரைத் தேடாமல் விடாதீர்கள். ஏர் பிரான்ஸ், கேஎல்எம், ஜப்பான் ஏர்லைன்ஸ் அங்கே இறங்குகின்றன. வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்குத் தூர வித்தியாசமும் அவ்வளவு இல்லை.

ஐரோப்பா விமானங்கள் சென்னையில் நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பும். டிக்கெட்டில் 15ஆம் தேதி 01:50 என்று இருந்தால் வீட்டிலிருந்து கார் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி மாலை 7 மணிக்கு. 15ஆம் தேதி இரவு என்று நினைத்து விமானத்தை விட்டவர்கள் நம் பக்கத்தில் உண்டு. மைல்ஸ் டிக்கெட்டில் வராமல் போனால் மைல்ஸ் முழுதும் போகிற திட்டங்கள் இருக்கின்றன.

காட்பாடி ஜங்ஷன்:

எல்லாரும் சீட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். தமிழ்ப் பெயர்களில் வருகிற சிக்கலை யாரும் தொடவில்லை. பெற்றோருக்கு டிக்கெட் எடுக்கிற பிள்ளைகள் இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

அப்பாவின் வங்கிக் கணக்கில் பெயர் எஸ். முருகன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் சுப்பிரமணி, கொடுத்த பெயர் கட்டத்தில் முருகன். விமானத் திட்டத்தில் பிள்ளை அவசரத்தில் முருகன் எஸ் என்று பதிந்திருப்பான். மூன்றும் மூன்று ஆள் என்றுதான் கணினிக்குத் தெரியும். வங்கி பாயிண்ட் மாற்றுகிற இடத்தில் பெயர் ஒத்துப்போகவில்லை என்று நிராகரிக்கப்படும், அல்லது நடுவில் பல நாள் தொங்கும். அந்த நாட்களில் சீட் போய்விடும்.

செய்ய வேண்டியது: விமானத் திட்டத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே முழுப் பெயர். இனிஷியலை விரித்து எழுதுங்கள். பிறகு வங்கிக்குப் போய் கார்டின் பெயரையும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகும்படி மாற்றக் கேளுங்கள். சத்துவாச்சாரி சார் சொன்ன தேடலைத் தொடங்கும் முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டமே காலியாக இருந்தால்? நம் அம்மாக்கள் பலருக்கு அப்படித்தான். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, கொடுத்த பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சிடுவார்கள். விமான நிறுவனங்களில் சில அதையே போடச் சொல்லும், சில ஒற்றைப் பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும். அந்த நிறுவனத்தின் விதி என்ன என்று கேட்டுவிட்டே பதியுங்கள். டிக்கெட் அச்சான பிறகு பெயர் திருத்துவது கூட்டாளி விமானத்தில் மிகக் கடினம். ரத்து செய்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள், அதற்குள் அந்த சீட் இருக்காது.

யாருக்கு எடுக்கலாம் என்பதிலும் கட்டுப்பாடு உண்டு. கிரிஸ்ஃபிளையரில் தனக்கும், பதிந்து வைத்த 5 பேருக்கும்தான். பிரிட்டிஷ் ஏர்வேஸில் வீட்டுக் கணக்கு என்று சேர்த்துவிட்டால், அந்த வீட்டாருக்கும் பட்டியலில் உள்ள உறவுக்கும் மட்டுமே டிக்கெட். மாமியாரைப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டு, சீட் கண்ட ராத்திரியில் சேர்க்க உட்காராதீர்கள்.

ராணிப்பேட்டை சிப்காட்:

பணக் கணக்கு. மைல்ஸ் டிக்கெட் இலவசம் இல்லை. விமான நிலைய வரி எல்லாருக்கும் ஒன்றுதான், வித்தியாசம் நிறுவனம் தானாகப் போடுகிற கூடுதல் கட்டணத்தில், அதாவது சர்சார்ஜில். பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸில் இது கனமாக இருக்கும். லுஃப்தான்சாவின் சொந்தத் திட்டத்திலும் அப்படியே. அதே லுஃப்தான்சா சீட்டை ஏரோபிளானில் எடுத்தால் சர்சார்ஜ் கிடையாது, 2020 நவம்பரிலிருந்து ஏர் கனடா அதை எடுத்துவிட்டது. கூட்டாளி விமானத்துக்கு 39 கனடா டாலர் கட்டணம் மட்டும் உண்டு. ஒரே விமானம், ஒரே சீட், எந்தத் திட்டம் வழியாகப் போகிறோம் என்பதில்தான் பல ஆயிரம் ரூபாய் நிற்கிறது. எகானமி தவிர்த்த வகுப்புகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12லிருந்து 18 சதவீதம். இந்தியாவிலிருந்து கிளம்பும் டிக்கெட்டில் சர்சார்ஜின் மீதும் அந்த ஜிஎஸ்டி விழும்.

லாபமா என்று பார்க்க ஒரே வகுத்தல். உதாரணமாக ரொக்க விலை ரூ.2,20,000, மைல்ஸ் டிக்கெட்டில் கட்ட வேண்டிய வரி ரூ.35,000, மைல்ஸ் 85,000. மீதி 1,85,000ஐ 85,000ஆல் வகுத்தால் மைலுக்கு ரூ.2.18. கார்டில் அதே பாயிண்டை ஒரு ரூபாய்க்குக் கழிக்க விடுகிறார்கள் என்றால் இது நல்ல வியாபாரம். சர்சார்ஜும் வரியும் சேர்ந்து ஒரு லட்சம் வந்தால், மைலுக்கு ரூ.1.41. எனக்கு அது போதாது. ரொக்க விலையாக எதைப் போடுகிறோம் என்பதிலும் நேர்மை வேண்டும். தள்ளுபடியில் 1,60,000க்குக் கிடைக்கிற டிக்கெட்டுக்கு 2,20,000 போட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

திரும்புகிற டிக்கெட்டின் வரி பெரும்பாலும் வெளிநாட்டு நாணயத்தில் வரும். சாதாரண கார்டில் 3.5 சதவீத அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்ந்து 4.13 சதவீதம். அந்தக் கட்டணம் குறைவான கார்டைக் கொடுங்கள்.

லண்டன் வழியாகத் திரும்புகிறவர்கள் அங்கே 24 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் பிரிட்டன் பயணி வரி விழும், அதுவும் பிசினஸுக்கு உயர்ந்த விகிதத்தில். 24 மணிக்குள் அடுத்த விமானம் ஏறினால் இல்லை. ஜெர்மனியில் ஒரு பிள்ளை, அமெரிக்காவில் ஒரு பிள்ளை என்று இருக்கிற வீட்டுக்கு ஏரோபிளான் நல்ல வழி: 5,000 பாயிண்ட் கூடக் கொடுத்தால் ஒரு வழி டிக்கெட்டிலேயே நடுவில் 45 நாள் வரை தங்கலாம். ஷெங்கன் விசா கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆம்பூர் லெதர்:

சிப்காட் அண்ணே, இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பாயிண்ட் டிக்கெட் பாதி விலைக்கு’ என்று வாட்ஸாப்பில் விற்கிறவர்களிடம் வாங்காதீர்கள். அது யாரோ ஒருவருடைய மைல்ஸ். மைல்ஸை விற்பது திட்டங்களின் விதிப்படி தடை. கண்டுபிடித்தால் கணக்கை முடக்கி டிக்கெட்டை ரத்து செய்வார்கள். போவது சரியாகப் போய், திரும்புவது ரத்தாகி வெளியூரில் நின்றால், முழு விலைக்கு ஒரு வழி டிக்கெட் எடுப்பதைத் தவிர வழி இல்லை.

பாலாற்றங்கரை:

டிக்கெட் எடுத்த பிறகு செய்ய வேண்டியதை எழுதுகிறேன்.

முதலில் 13 இலக்க டிக்கெட் எண் வந்ததா என்று பாருங்கள். ஆறு எழுத்து பிஎன்ஆர் வந்தால் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. கூட்டாளி விமானத்தில் மைல்ஸ் கழிந்து, பிஎன்ஆர் வந்து, டிக்கெட் மட்டும் அச்சாகாமல் நிற்பது உண்டு. சில நாளில் சீட் தானாக ரத்தாகிவிடும். எண்ணின் முதல் மூன்று இலக்கம் எந்த நிறுவனம் கொடுத்தது என்று சொல்லும்: ஏர் கனடா 014, யுனைடெட் 016, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 125, கத்தார் 157, சிங்கப்பூர் 618. 24 மணி நேரத்தில் எண் வரவில்லை என்றால் போன் போடுங்கள்.

ஏரோபிளானில் எடுத்த லுஃப்தான்சா டிக்கெட்டுக்கு இரண்டு பிஎன்ஆர் இருக்கும். சீட் எண் தேர்வு, சைவச் சாப்பாடு, சக்கர நாற்காலி எல்லாம் லுஃப்தான்சா பிஎன்ஆரில். நேரம் மாறினால், விமானம் ரத்தானால் பேச வேண்டியது டிக்கெட் கொடுத்த ஏர் கனடாவிடம். இதை மாற்றிச் செய்தால் இரண்டு பக்கமும் அலைய விடுவார்கள். மாதம் ஒரு முறை உள்ளே போய் நேரத்தைப் பாருங்கள், ஒரு வருடம் முன்னால் எடுத்த டிக்கெட்டில் நேரம் மாறாமல் இருப்பது அபூர்வம்.

வயதானவர்களுக்கு சீட் அமைப்பு முக்கியம். ஏர் இந்தியாவின் ஏ350 விமானத்தில் 1-2-1, எல்லாருக்கும் நடைபாதை கிடைக்கும். பழைய 777இல் 2-3-2. ஜன்னல் ஓரம் உட்கார்ந்த அம்மா ராத்திரி எழுந்து போக வேண்டுமானால், பக்கத்தில் படுத்திருப்பவர் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த விமானம் என்றால் நடைபாதை ஓரத்தையே எடுங்கள். விமானம் கடைசி நேரத்தில் மாறும்போது சீட் எண்ணும் கலைந்துவிடும். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு முறை பாருங்கள்.

மைல்ஸ் டிக்கெட் டில்லியிலிருந்துதான் கிடைத்தது, சென்னை–டில்லியைத் தனியாக எகானமியில் எடுக்கலாம் என்கிறவர்கள் கவனிக்க வேண்டியது பெட்டி. பிசினஸில் 32 கிலோ வீதம் இரண்டு கொண்டுபோகலாம், தனியாக எடுத்த உள்நாட்டு எகானமியில் 15 கிலோதான் இலவசம். ஊறுகாயும் பொடியும் கட்டிய இரண்டு பெட்டிக்கு உள்நாட்டில் மட்டும் 49 கிலோ கூடுதல் கட்டணம் கட்ட நேரும். டில்லியில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஆகவே அன்றைக்கு இணைக்காமல் முந்தின நாளே டில்லி போய்விடுங்கள். அல்லது சென்னையிலிருந்தே ஒரே டிக்கெட்டில் வருகிற வேறு நாளைத் தேடுங்கள். எழுபது வயதுக்காரர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.