சங்கம் உள்ள எஸ்டேட் வேலையா, சங்கம் இல்லாத விடுதி வேலையா?

கேட்டவர்: கோத்தகிரி பிட்டர்

அனைவருக்கும் வணக்கம். ஐடிஐயில் பிட்டர் பிரிவை முடித்து மேட்டுப்பாளையத்தில் ஒரு பட்டறையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதால் இப்போது ஊருக்கே திரும்பிவிட்டேன். வயது 26. இரண்டு இடங்களில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலாவது, கோத்தகிரிக்கு அருகே எஸ்டேட்டோடு சேர்ந்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர் வேலை. மொத்தச் சம்பளம் 16,500 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000. குடியிருக்க லைன் வீடு உண்டு. அங்கே இரண்டு தொழிற்சங்கங்கள் இருக்கின்றன. இரண்டாவது, குன்னூர்ப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் ஜெனரேட்டர், பாய்லர், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றைக் கவனிக்கும் வேலை. சம்பளம் 21,000, ஆனால் அடிப்படை 8,000 மட்டுமே, மற்றதெல்லாம் படிகள். ஆண்டுக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களாம். பதவியின் பெயர் ‘மெயின்டனன்ஸ் எக்சிகியூட்டிவ்’. அங்கே சங்கம் கிடையாது. நேர்காணலில் அதை ஒரு பெருமையாகவே சொன்னார்கள்.

மாதம் 4,500 ரூபாய் வித்தியாசம் என்பது எங்கள் வீட்டில் சிறிய தொகை அன்று. ஆனால் சங்கம் உள்ள வேலையை விடாதே என்று அப்பா ஒரே பிடியாக நிற்கிறார். சங்கத்தால் உண்மையில் என்ன கிடைக்கிறது, எதை இழக்கிறோம் என்பதை இரண்டு வகை வேலையையும் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓய்வுபெற்ற ரோலிங் ரூம்காரர்

தம்பி, நான் 31 ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்தவன். அதில் ஒன்பது ஆண்டுகள் சங்கக் கிளையில் பொறுப்பிலும் இருந்தேன் என்பதால் என் பேச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

சங்கத்தின் பயனைச் சம்பளச் சீட்டில் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். அது தெரிவது மெமோ வரும் நாளில்தான். எனக்கு வந்த மெமோவைச் சொல்கிறேன். சீசன் நேரம், கொழுந்து வரத்து கூடுதல், இரவு ஷிப்ட். விடியற்காலை இரண்டரை மணி இருக்கும். கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி இயந்திரத்தில் கரகரவென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய் நிறுத்திப் பார்த்தால் ஓர் அரை அங்குல நட்டு உள்ளே போயிருந்தது. ரோலரின் பற்கள் வரிசையாகச் சிதைந்திருந்தன. அன்றைய உற்பத்தியும் போயிற்று, ரோலரும் போயிற்று. பராமரிப்பில் அலட்சியம் என்று மறுநாளே என்னைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து, உள்விசாரணைக்கு உத்தரவிட்டார்கள்.

கன்வேயருக்கு மேலே இரும்புத் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும் காந்தம் ஒன்று இருக்கும். அதன் தாங்கி தளர்ந்து ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது என்று பதினாறு நாளுக்கு முன்பே நான் ஷிப்ட் லாக்புக்கில் எழுதியிருந்தேன். தயாரிப்பைக் கவனிக்கும் அதிகாரியான டீ மேக்கர் அதன் அருகே கையெழுத்தும் போட்டிருந்தார். பயத்தில் எனக்கே அது நினைவுக்கு வரவில்லை. என்னோடு விசாரணையில் உட்கார்ந்த சங்கத் துணைத்தலைவர்தான் முதல் கேள்வியாக, அந்த மாதத்து லாக்புக்கை மேசைக்குக் கொண்டுவாருங்கள் என்றார். அந்தப் பக்கத்தை அவர் சத்தமாகப் படித்த பிறகு விசாரணை அதிகாரி பேனாவை மூடி வைத்ததை இன்றும் மறக்கவில்லை. வேலைநீக்கம் வரை போக வேண்டிய விஷயம் எழுத்துமூலக் கண்டிப்போடு முடிந்தது. இடையில் போன 70 நாளுக்கும் பாதிச் சம்பளம் வந்தது. அது யாருடைய கருணையும் அன்று. தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவருக்காகத் தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டு முதல் பிழைப்பூதியச் சட்டம் இருக்கிறது, முதல் 90 நாளுக்குப் பாதி, அடுத்த 90 நாளுக்கு முக்கால் பங்கு, அதற்கு மேல் முழு ஊதியம் தரவேண்டும். சட்டம் இருப்பது வேறு, அதைக் கணக்கரிடம் எடுத்துச் சொல்ல ஆள் இருப்பது வேறு.

குறைகளையும் மறைக்கவில்லை. எங்கள் தொழிற்சாலையில் பணிமூப்புதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. என்னைவிட நன்றாக ரோலருக்குச் சாணை பிடிக்கத் தெரிந்த ஒரு பையன், முன்னே நின்ற ஆறு பேர் ஓய்வுபெறும்வரை பொறுக்க முடியாமல் திருப்பூருக்குப் போய்விட்டான். அதைத் தடுக்க சங்கம் ஒன்றும் செய்யவில்லை; செய்திருந்தால் அந்த ஆறு பேரும் சங்கத்தை விட்டுப் போயிருப்பார்கள். லைன் வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை இருக்கும்வரைதான் அது உங்கள் வீடு. காலி செய்தால்தான் பணிக்கொடை (கிராஜுவிட்டி) என்று நிர்வாகமும், பணிக்கொடை வந்தால்தான் காலி செய்வேன் என்று தொழிலாளியும் ஆண்டுக்கணக்கில் முறைத்துக்கொண்டு நிற்பதை இந்த மலையில் எத்தனையோ லைன்களில் பார்க்கலாம்.

பதில்: குன்னூர் வரவேற்பறை

நான் பதினோரு ஆண்டுகளாகத் தங்கும் விடுதிகளில் வேலை செய்கிறேன். எங்கும் சங்கம் இருந்ததில்லை. அதனால் எனக்கு நன்மையும் நடந்திருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த மூன்றாம் ஆண்டில், எனக்கு முன்பே சேர்ந்த நால்வரைத் தாண்டி மேற்பார்வையாளர் ஆனேன். எஸ்டேட்டில் இது நடக்காது என்று மேலே ஐயாவே எழுதியிருக்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மேலாளரிடம் நேரில் சொல்லிவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். ஊதிய உயர்வுக்காக யாரும் பேச்சுவார்த்தை முடியும்வரை காத்திருப்பதில்லை. வேலை பிடித்திருந்தால் உடனே தருவார்கள்.

ஆனால் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, அப்போது நான் வேலை பார்த்த விடுதியில் எங்கள் 28 பேரையும் வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தி போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் பாதிச் சம்பளம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. வேலையில் இருக்கிறோமா, நீக்கப்பட்டோமா என்பதுகூட யாருக்கும் தெரியாது. ஆளாளுக்குத் தனித்தனியாக மேலாளருக்குப் போன் செய்தோம், ஆளுக்கொரு பதில் கிடைத்தது. எனக்குச் சொன்ன பதிலை ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவரிடம் கேட்கவே தயங்கினோம் என்பதுதான் இன்று நினைத்தால் உறுத்துகிறது. அவருக்குக் கூடுதலாகக் கிடைத்து, நாம் கேட்டதால் கெட்டுவிடுமோ என்ற பயம். கடைசியில் ஏழு பேரை மட்டும் திரும்ப அழைத்தார்கள். என்னை அழைக்கவில்லை.

இப்போது வேறொரு விடுதியில் இருக்கிறேன், இங்கும் சங்கம் இல்லை. விடுதி வேலை சீசனை நம்பியது என்பதைத் தம்பி கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுத்துத்தான் வரவேண்டும் என்று ஆனபோது, எங்கள் விடுதியில் முதலில் குறைத்தது ஒப்பந்தத்தில் இருந்தவர்களின் வேலை நாளைத்தான்.

பதில்: லவ்டேல்காரன்

சங்கம் என்று ஒருமையில் பேசுகிறீர்கள். கேட்டவர் சொன்ன தொழிற்சாலையில் இரண்டு இருக்கின்றனவே? நான் இருந்த இடத்திலும் இரண்டு. ஒரு தீபாவளிக்குப் போனஸ் பேச்சில் ஒரு சங்கம் நிர்வாகத்தோடு தனியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டது, மற்றொன்று கூடுதல் கேட்டு மறுத்துவிட்டது. சட்டப்படி போனஸ் குறைந்தது 8.33 விழுக்காடு, அதிகபட்சம் 20. இரண்டு சங்கங்களுக்கும் இடையிலிருந்த பிணக்கு வெறும் ஒரு விழுக்காடுதான். கையெழுத்துப் போடாத பக்கத்தில் நான் இருந்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் புதுத்துணி உடுத்தி வெடி வெடித்தன. எங்கள் வீட்டுக்குப் பணம் வந்தது கார்த்திகைக்குப் பிறகு.

இன்னொன்று. சங்கம் இருந்தால் வேலை நிலைக்கும் என்று அப்பாக்கள் நம்புவார்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் பொதுத்துறை நிறுவனம், சங்கங்களும் வலுவாகவே இருந்தன. 1996இல் அது நலிந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. பிறகு பிலிம் சுருளே வழக்கொழிந்தது, தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். விற்காத சரக்கை விற்க வைக்க எந்தச் சங்கத்தாலும் முடியாது. ஆகவே தேயிலை விலையையும் சேர்த்தே விசாரியுங்கள்.

பதில்: மனு எழுதுபவர்

பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் பணியாளர் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது தொழிலாளர் தகராறுகளுக்கு மனு எழுதித் தருகிறேன்; இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்தவன். இணையத்தில் அமெரிக்கக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, சங்கம் உள்ள இடத்தில் சந்தா கட்டாயம் என்று பலர் என்னிடம் சொல்வதுண்டு. அங்கே அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இங்கே சங்கத்தில் சேருவதும் சேராததும் அவரவர் விருப்பம். ‘சங்கம் இல்லாத நிறுவனம்’ என்பதும் நிரந்தரமான ஒன்று அன்று. ஏழு பேர் கூடி, மொத்தத் தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். அதற்காக ஒருவரைப் பழிவாங்குவது முறையற்ற தொழில் நடத்தை.

லவ்டேல் நண்பருக்கு நடந்ததன் காரணம் ஒப்பந்தத்தின் வகை. நிர்வாகமும் ஒரு சங்கமும் தங்களுக்குள் எழுதிக்கொள்வதை, பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து, 18(1) ஒப்பந்தம் என்பார்கள். அது கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில் ஏற்படும் 12(3) ஒப்பந்தம் அங்குள்ள எல்லாத் தொழிலாளருக்கும், உறுப்பினரல்லாதவருக்கும், நாளை புதிதாகச் சேருபவருக்கும் பொருந்தும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருப்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன, ஆனால் இந்த வேறுபாடு நீடிக்கிறது. பல சங்கங்கள் இருந்தால் 51 விழுக்காடு உறுப்பினர் உள்ளதே இனிப் பேச்சு நடத்தும் சங்கம். எனவே அந்த இரண்டில் எது பெரியது என்பதும் முக்கியம்.

இனி உங்கள் எண்களுக்கு வருகிறேன். பணிக்கொடை என்பது கடைசி மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்குவது. தொழிற்சாலையில் 14,000 ஊதியத்துக்குப் பத்து ஆண்டில் 80,769 ரூபாய் வரும். விடுதி சொன்ன 8,000க்கு 46,154தான். ஆனால் புதிய சட்டத்தில் படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். அதன்படி 10,500 என்று கொண்டால் 60,577 ரூபாய். வைப்பு நிதிக்குப் பிடிக்கும் 12 விழுக்காடும் இப்படியே ஊதியத்தோடு ஏறி இறங்கும். இவற்றையெல்லாம் சேர்த்தாலும் மாதம் 4,500 ரூபாய் வித்தியாசத்தை ஈடுகட்டாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பணத்தை மட்டும் பார்த்தால் விடுதிதான்.

என்னை உறுத்துவது அந்த ‘எக்சிகியூட்டிவ்’ என்ற பெயர். மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுபவர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வரமாட்டார், அந்த வரையறை தரும் பாதுகாப்பும் அவருக்குக் கிடைக்காது. ஸ்பேனர் பிடிப்பவருக்கு இந்தப் பெயரைச் சூட்டுவதன் நோக்கம் பெரும்பாலும் அதுதான். நீதிமன்றம் பதவியின் பெயரைப் பார்க்காது, செய்யும் வேலையையே பார்க்கும். ஆனால் அதை நிறுவ நீங்கள் கோயம்புத்தூருக்குப் பல முறை பஸ் ஏற வேண்டியிருக்கும். ஆண்டு ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை, 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981 முதல் சட்டம் உண்டு. அதனாலேயே சில இடங்களில் நடுவில் சில நாள் வேலை தராமல் தொடர்ச்சியை முறித்து, புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். வருகைப் பதிவின் படத்தை மாதந்தோறும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் கோத்தகிரி பிட்டர்

ஐயாக்களுக்கும் அக்காவுக்கும் நன்றி. லவ்டேல் அண்ணன் சொன்னது சற்றுக் கசந்தாலும் பயன்பட்டது. நேற்று இரண்டு இடங்களிலும் பேசினேன். விடுதி மேலாளர், பதவியின் பெயரை ‘டெக்னீஷியன்’ என்று மாற்றித் தருவதில் தடையில்லை, அடிப்படைச் சம்பளத்தையும் ஆண்டு ஒப்பந்தத்தையும் மாற்ற முடியாது என்றார். தொழிற்சாலையில் ஒப்பந்த நகல் கேட்டபோது எழுத்தர் முதலில் முகம் சுளித்தாலும், பிறகு பீரோவிலிருந்து எடுத்துக் காட்டினார். 12(3) ஒப்பந்தம்தான், பிட்டர் தரத்துக்குரிய ஊதியம் தனி வரியாக இருக்கிறது. ஆனால் அதன் காலம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. புதிய ஒப்பந்தம் வரும்வரை பழையதே செல்லுமா? இரண்டு சங்கத்திலிருந்தும் இப்போதே ஆள் வந்து உறுப்பினர் படிவம் நீட்டினார்கள். எதில் கையெழுத்துப் போடுவது?

பதில்: ஓய்வுபெற்ற ரோலிங் ரூம்காரர்

செல்லும் தம்பி. முறைப்படி எழுத்தில் அறிவித்து முடித்துவைக்கும்வரை பழைய ஒப்பந்தம் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். எட்டு மாதம் இழுத்தால் நிலுவையோடு உயர்வு வருவதும் உண்டு, வராமல் போவதும் உண்டு. அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். படிவத்துக்கு அவசரமில்லை, தகுதிகாண் காலம் முடியட்டும். அதுவரை இரவு ஷிப்டில் யார் உங்கள் பக்கம் வந்து நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டிருங்கள். போன முதல் நாளே கன்வேயர் காந்தத்தின் தாங்கியை ஒரு முறை அசைத்துப் பாருங்கள். தளர்ந்திருந்தால் லாக்புக்கில் எழுதி, டீ மேக்கரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.