இளைப்பா, இரைப்பா?

செந்தூல் தமிழன்:
கோலாலம்பூரில் ஒரு கிளினிக் சுவரில் 'இளைப்பு நோய்க்குச் சிகிச்சை' என்று ஒட்டியிருக்கிறார்கள். இளைப்பு என்றால் உடல் மெலிவது. மூச்சு வாங்கும் ஆஸ்துமாவுக்கு இரைப்பு மட்டும்தான். எழுதியதைப் படித்துப் பார்க்க ஒரு ஆள்கூடவா இல்லை?

தண்ணீர்மலை மகள்:
என்ன அண்ணே, ஒரே போடாகப் போடுகிறீர்கள்! களைப்புக்கும் இளைப்பு என்றுதான் பெயர். இளைப்பாறுகிறோமே, மெலிவையா ஆற்றுகிறோம்? பினாங்கில் என் பாட்டி ராத்திரி பூரா கட்டில் ஓரத்தில் கையை ஊன்றி உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்ளே போகும். "இளைக்குதும்மா" என்பார். அவர் தமிழ் தப்பா?

செந்தூல் தமிழன்:
பாட்டியை நான் ஒன்றும் சொல்லவில்லை. இரைதல் என்றால் ஒலித்தல். கடல் இரைகிறது, இரைச்சல் என்கிறோம். மூச்சுக்குழாய் சுருங்கிவிட்டால் காற்று வெளியேறும்போது விசில் மாதிரிச் சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் பெயர். சித்த மருத்துவத்தில் ஆஸ்துமாவை இரைப்பிருமல் என்பார்கள். இளைப்பிருமல் என்று எங்கேயாவது உண்டா? ரகரம் அக்கா, ரகரம்!

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
ஆஸ்துமாவே கிரேக்கச் சொல். இலியத் காவியத்தில் போர்வீரனுக்கு மூச்சு வாங்குவதைத்தான் அது குறிக்கிறது, நோயை இல்லை. களைத்து மூச்சு வாங்குவதற்கு இருந்த சொல் பிறகு நோய்க்குப் பெயரானது. இளைப்புக்கு மட்டும் ஏன் ஆகாது?

செந்தூல் தமிழன்:
கிரேக்கம் எப்படியும் போகட்டும் ஐயா. இங்கே பேச்சு ளகரத்தைப் பற்றி. போட்டது தப்பு.

கிள்ளான் தம்பி:
எங்கள் ஆபிசில் எல்லாரும் 'செம்புட்' என்கிறோம். யாருக்கும் புரியாமல் போகவில்லை. இதற்கு ஏன் லா சண்டை?

செந்தூல் தமிழன்:
மூச்சு வாங்குவதற்குக்கூட மலாயில் கடன் வாங்க வேண்டுமா தம்பி? தமிழ்ப் பள்ளியில் படித்தவன்தானே நீ?

கிள்ளான் தம்பி:
படித்தேன். தேர்வில் உங்களைவிட நல்ல மார்க்தான் வாங்கியிருப்பேன்.

தண்ணீர்மலை மகள்:
அவனை ஏன் விரட்டுகிறீர்கள்? போன தடவை 'பசியாறிட்டீங்களா' என்று கேட்பதே தப்பு என்று சண்டைக்கு வந்ததும் நீங்கள்தான். இந்த நாட்டில் நாம் தினமும் காலையில் கேட்கிற கேள்வி அது! எங்கள் தண்ணீர்மலை முருகன் கோவிலில் 513 படி. ஏறிவிட்டு வந்து சொல்லுங்கள், உங்களுக்கு வந்தது இளைப்பா இரைப்பா என்று.

செந்தூல் தமிழன்:
பத்துமலையில் 272 படியையும் காவடியோடு ஏறியவன் நான். படிக் கணக்கு எனக்கு வேண்டாம். பசியாறலை இப்போது ஏன் இழுக்கிறீர்கள்? இளைப்பு களைப்புக்கு, இரைப்பு மூச்சுக்கு.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
முதலில் மெலிவு என்றீர்கள். இப்போது களைப்பு என்கிறீர்கள்.

செந்தூல் தமிழன்:
இரண்டும் மூச்சு இல்லையே ஐயா! நாளைக்கே அந்தக் கிளினிக்குக்குப் போய் ளகரத்தை மாற்றச் சொல்லப்போகிறேன்.

தண்ணீர்மலை மகள்:
மாற்றினால் நானும் கோலாலம்பூர் வருவேன் அண்ணே, திரும்ப மாற்றச் சொல்ல.