கூடலூரில் எடுக்கும் சிறுநீர் மாதிரியைக் கோவைவரை கெடாமல் இறக்குவது எப்படி?

கூடலூர்_லேப்:
வணக்கம். யாருக்கு எந்தச் சிறுநீரக மருந்து பலன் தரும் என்று சிறுநீர், ரத்தம், மரபணு மூன்றையும் வைத்துப் பார்க்கும் ஆய்வு. பல மருத்துவமனைகள் கூட்டாகச் செய்கின்றன. இங்கே சென்ட்ரிஃபியூஜும் (மாதிரியைச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரும் உண்டு. மைனஸ் 80 கோவையில்தான். வண்டி வாரம் ஒருமுறை. வருபவர்களில் பாதிப்பேர் பணியர், குறும்பர் பழங்குடியினர். எதில் கவனம் வேண்டும்?

கேத்தி_பயோகெம்:
முதலில், மைனஸ் 20-இல் சிறுநீரை வைக்காதீர்கள். அந்தக் குளிரில் ஆல்புமின் என்ற புரதம் படிந்து, அளவு குறைவாக வரும். ஆல்புமினுக்கு மட்டும் என்றால் 2–8 டிகிரியில் ஒரு வாரம் தாங்கும். மற்ற புரதங்கள் அவ்வளவு தாங்காது. எனவே மாதிரி எடுக்கும் நாளையே வண்டி நாளாக்குங்கள்.

காலையின் முதல் சிறுநீர், நடுத்தாரை. 2000 ஜி-யில் (புவியீர்ப்பின் 2000 மடங்கு விசை) 10 நிமிடம் சுற்றுங்கள். 2000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்று வைத்துவிடுவதுதான் வழக்கமான தப்பு: ரோட்டர் ஆரம் 15 செ.மீ. என்றால் சுமார் 3450 ஆர்பிஎம் வேண்டும், 10 செ.மீ. என்றால் 4230. அடியில் உள்ள வண்டலைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் 1 மி.லி. வீதம் வயல்களில் (மூடியுள்ள சிறு குப்பிகள்) பிரித்து ஊற்றுங்கள். வயலை விளிம்புவரை நிரப்பினால் உறையும்போது மூடி கிளம்பிவிடும். லேபிளை உறைவதற்கு முன்பே ஒட்டுங்கள், பனி படிந்த வயலில் ஒட்டாது.

வயல்களை உலர்பனியில் (திட கார்பன் டை ஆக்ஸைடு) உறைய வைத்து அனுப்புங்கள். அது ஒரு தெர்மக்கோல் பெட்டியில் நாளைக்கு 3–5 கிலோ ஆவியாகிவிடும். வழியில் மண் சரிந்தால் வண்டி நிற்கும், ஆகவே 10 கிலோ போடுங்கள். மூடியைக் காற்றுப்புகாமல் டேப் ஒட்டவே கூடாது, பெட்டி வெடிக்கும். குன்னூர் இறக்கத்தில் மஞ்சுக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். கார்பன் டை ஆக்ஸைடு வண்டிக்குள்ளேயே தேங்கி ஓட்டுநருக்குத் தலை சுற்றும். டிரைவர் அண்ணனிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

சிறுநீர் கழித்த நேரம், சுற்றிய நேரம், உறைய வைத்த நேரம் மூன்றையும் குறியுங்கள். இல்லையென்றால் உங்கள் ஊருக்கும் கோவைக்கும் உள்ள தாமதமே நோயின் வேறுபாடுபோல அட்டவணையில் உட்கார்ந்துகொள்ளும்.

மரபணு_வாசகி:
அங்கே சிக்கிள் செல் (சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரை ரத்த நோய்) பார்க்காமல் இந்த ஆய்வைத் தொடங்கவே கூடாது. இந்தியாவில் அது 1952-இல் முதன்முதலாகப் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். சிக்கிள் நோயில் சிறுநீரகம் தொடக்கத்தில் அளவுக்கு மீறி வடிகட்டும், கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்றும் தசைக் கழிவு) சிறுநீரில் கூடுதலாக வெளியேறும். அதனால் ரத்தத்தில் கிரியாட்டினின் நன்றாக இருப்பதுபோல் தெரியும், உள்ளே ஆல்புமின் கசிந்துகொண்டிருக்கும். சிறுநீரும் நீர்த்தே வரும், எனவே டிப்ஸ்டிக் (சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் பட்டை) ஏமாற்றும். ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம்தான் பாருங்கள், 30 மி.கி./கிராம் எல்லை.

சிக்கிளுக்கான கரைதிறன் சோதனை டிரெய்ட்டையும் (ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் சிக்கிள் மரபணு வந்த நிலை) நோயையும் பிரிக்காது. ஈடிடிஏ (உறைதலைத் தடுக்கும் பொருள்) சேர்த்த ரத்தத்தில் எச்பிஎல்சி (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் சோதனை) செய்யுங்கள். சிக்கிள் நோய் உள்ளவரிடம் எச்பிஏ1சி-யை (சில மாதச் சராசரி சர்க்கரை அளவு) நம்பாதீர்கள், சிவப்பணுவின் ஆயுளே குறைவு.

கூடலூர்_லேப்:
நன்றி மேடம். ஒல்லியானவர்களுக்கு சிஸ்டாட்டின் சி (சிறுநீரக வேலையைக் காட்டும் இன்னொரு ரத்தச் சோதனை) சேர்க்கலாமா?

மரபணு_வாசகி:
சேருங்கள். தசை குறைவானவர்களிடம் கிரியாட்டினின் கணக்கு சிறுநீரகத்தை உள்ளதைவிட நன்றாகக் காட்டும். ஆனால் ஸ்டீராய்டு மாத்திரையும் தைராய்டுக் கோளாறும் சிஸ்டாட்டினை மாற்றும், அதையும் படிவத்தில் கேளுங்கள். மரபணுச் சோதனைக்கு ஒப்புதல் தனியாக, அவர்கள் பேசும் மொழியில் விளக்கி வாங்குங்கள். எச்பிஎல்சி முடிவு அவரவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும். திருமணம், குழந்தை பற்றி முடிவெடுக்க அது அவர்களுக்குத் தேவை.